மறைத்த இடத்தில் மலர்ந்த பிறை

1986ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் ஜூன் மாதத்தில் வந்தது. வாப்பா அப்போது சவூதி அரேபியாவில் பணியாற்றி வந்தார்கள். அவர்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஆசை. கடைத்தெருவில் அச்சிட்ட அட்டைகள் தோரணமாய்த் தொங்கின. வாங்கக் கையில் காசில்லை. கோடை விடுமுறை ஆதலால் நேரத்திற்கு மட்டும் பஞ்சமில்லை. ஓவிய ஆசிரியர் வகுப்பில் காட்டிய முறை ஒன்று நினைவுக்கு வந்தது.

இம்மலரைப் புரட்டும் மாணவச் செல்வங்கள் செய்து பார்க்க விரும்பலாம். ஆதலால் சற்று விரித்தே சொல்கிறேன். பழைய அஞ்சலட்டை ஒன்றில், குவளையின் விளிம்பை வைத்து ஒரு வட்டமும், சற்றே நகர்த்தி வேறொரு வட்டமும் வரைந்து, பிளேடால் பிறையை வெட்டி எடுத்தேன். அதனைத் தடித்த ஓவியத் தாளின் மேல் வைத்து விரலால் அழுத்திக்கொண்டேன். நுரைப்பஞ்சுத் துண்டைப் பேனா மையில் தோய்த்து, செய்தித்தாளில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த பிறகே தாளில் தேய்க்க வேண்டும். ஈரம் மிகுந்தால் தாள் சுருளும். மையும் மறைப்பின் அடியில் கசிந்துவிடும். தேய்ப்பதைப் பிறைத் துண்டின் மேல் தொடங்கி வெளிப்புறமாக இழுக்க வேண்டும். வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளினால் பிறையின் விளிம்பு கெட்டுவிடும். என் முதல் இரண்டு தாள்கள் இவ்வாறே பாழாயின.

அடிவானத்திற்குச் சிவப்பு மை, அதற்கு மேலே நீல மை. முதலில் மென்மையாக, உலர்ந்த பின் மீண்டும் ஒரு முறை. இரண்டும் சந்தித்த இடத்தில் நான் தீட்டாத ஊதா நிறம் ஒன்று தானே பிறந்தது! இறுதியில் மினாராவின் வடிவைத் துளையாக வெட்டிய மற்றோர் அட்டையை வைத்து, இந்தியன் இங்கை ஒற்றினேன். மறைப்பை எடுத்தபோது நான் வண்ணம் தொடாத இடம் வெண்பிறையாக மலர்ந்திருந்தது. அதை வாங்கிப் பார்த்த உம்மா நெடுநேரம் திருப்பித் தரவில்லை.

சில வாரங்களில் மறுமொழி வந்தது. “மகனே, அழகாய் இருக்கிறது. ஆனால் இது பெருநாள் பிறை அன்று. உன் பிறையின் ஒளி இடப்புறம் இருக்கிறது. இது விடியற்காலைத் தேய்பிறை. இரவுப் பணி முடிந்து வரும்போது நான் பார்க்கும் பிறை” என்று வாப்பா எழுதியிருந்தார்கள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. தலைப்பிறை கதிரவன் மறைந்த மேற்கில் தோன்றுவது. அதன் ஒளி விளிம்பு மறைந்த கதிரவனை நோக்கியே இருக்கும். நம் ஊரில் அது பெரும்பாலும் தோணிபோல, முனைகள் மேல்நோக்கச் சாய்ந்து கிடக்கும். ஆண்டுதோறும் பள்ளிவாசல் மாடியில் நின்று பிறை தேடிய நான் அதனைக் கவனித்ததே இல்லை. கடை அட்டையைப் பார்த்து வரைந்திருக்கிறேன். அந்த அட்டைகளில் பிறையின் வளைவுக்குள் ஒரு விண்மீனும் இருக்கும்! நிலவின் இருண்ட உடல் மறைக்கும் இடத்தில் விண்மீன் எவ்வாறு தெரியும்?

மறு ஆண்டு புதுப் பிறை வெட்டத் தேவைப்படவில்லை. பழைய துண்டையே திருப்பிச் சாய்த்து வைத்தேன். “இதைச் சுவரில் ஒட்டுங்கள் வாப்பா, பழையதைக் கிழித்துவிடுங்கள்” என்றும் எழுதினேன். பிறை சரியாக இருப்பதாகப் பதில் வந்தது. கிழித்ததைப் பற்றி ஒன்றும் இல்லை.

வாப்பா மறைந்த பின் அவர்களுடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு அட்டைகளும் இருந்தன. இரண்டாவது அட்டையில் நீலம் நேற்றுத் தீட்டியதுபோல் இருந்தது. முதல் அட்டையிலோ வானமே வெளுத்திருந்தது. பேனா மையின் சாயம் வெளிச்சத்திற்குத் தாங்காது. கரியால் ஆன இந்தியன் இங்க் தாங்கும். ஆகவே மினாரா மட்டும் கருமையாய் நின்றது. பிறையைத் தாளோடு தாளாய்த் தேடித்தான் காண வேண்டியிருந்தது. அதன் நான்கு மூலைகளிலும் ஒட்டுநாடாவின் மஞ்சள் கறை படிந்திருந்தது. இரண்டாவது அட்டையில் அந்தக் கறை இல்லை.