பெயர் எழுதாத அறைகள்

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். பெட்டி செய்தாயிற்று, பெட்டியின் மேல் ஒட்ட லேபிள் வேண்டாமா? லேபிளுக்காக அச்சகங்கள் பெருகின. எழுத்தறியாதவர்கூடப் படத்தைக் காட்டி, "அந்த மார்க்கு கொடுங்க" என்று கேட்டு வாங்கச் செய்தது அந்தத் துண்டுக் காகிதம்தான்.

அப்பேர்ப்பட்ட ஊரில், ஓர் அச்சகத்துக் கம்ப்யூட்டர் லேபிள் இல்லாமல் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கம்ப்யூட்டரின் டிஸ்க்கை ஒரு பெரிய கிட்டங்கி என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே சுவர் எழுப்பி அதை அறைகளாகப் பிரிப்பார்கள். அதற்குப் பார்ட்டிஷன் என்று பெயர். விண்டோஸ் அவற்றை 'சி', 'டி', 'ஈ' என்று அழைக்கும். 'ஏ'யும் 'பி'யும் என்னவாயின என்பீர்கள். அவை பழைய பிளாப்பி டிஸ்க்குகளுக்கு ஒதுக்கிய எழுத்துக்கள். பிளாப்பி போய்விட்டது; ஆசனம் மட்டும் காலியாக இருக்கிறது.

இந்த எழுத்து அறைக்கதவில் எழுதியதன்று. விண்டோஸ் என்ற கணக்குப்பிள்ளை தன் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டது. கணக்குப்பிள்ளை மாறினால் எழுத்தும் மாறலாம்.

எனக்குத் தெரிந்த அச்சக அண்ணாச்சி ஒருவரின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கெட்டுப்போயிற்று. பழுது பார்க்க வந்த பையன் பென் டிரைவிலிருந்து புதிதாக ஏற்றத் தொடங்கினான். "எடம் பத்தல அண்ணாச்சி, எதை அழிக்கட்டும்?" என்றான்.

"டியில வெறும் சினிமாதான் கெடக்கு. அதை அழிச்சிரு தம்பி."

திரையிலோ 'டி'யும் இல்லை, 'ஈ'யும் இல்லை. பார்ட்டிஷன் 3, பார்ட்டிஷன் 4 என்று வெறும் இலக்கங்கள். இரண்டும் ஒரே அளவு. இரண்டுக்கும் பெயர் இல்லை. ஒன்றில் சினிமா, மற்றொன்றில் பல வருஷத்துப் பட்டாசு லேபிள்களின் மூலப் படங்கள். அடித்த காகிதமெல்லாம் தீபாவளியோடு வெடித்துக் குப்பையாகிவிட்டது. மிச்சம் இருப்பது அந்த ஓர் அறையில்தான்.

பையன் கெட்டிக்காரன். குத்துமதிப்பாக எதையும் தொடவில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினான். அங்கே அதே அறைகள் 'எஃப்', 'ஜி' என்று வேறு வேஷத்தில் வந்து நின்றன! திறந்து பார்த்த பிறகே எது எது என்று தெரிந்தது. அண்ணாச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பரிகாரம் அரை நிமிஷ வேலை. அறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'ரீநேம்' என்பதைத் தேர்ந்து ஒரு பெயர் கொடுத்தால் போதும். பழைய ஃபேட் முறையில் 11 எழுத்துக்கள், என்.டி.எஃப்.எஸ். முறையில் 32 எழுத்துக்கள் வரை இடம் உண்டு. இந்தப் பெயர் அந்த அறையிலேயே பதிகிறது; டிஸ்க் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் கூடவே போகும். 'புதியது', 'மற்றவை' என்றெல்லாம் வைத்துப் பிரயோஜனமில்லை. 'லேபிள் மூலம்', 'சினிமா' என்று உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்கலாகாது. லேபிள் பெட்டியை அடையாளம் காட்டும், நெருப்பிலிருந்து காப்பாற்றாது. டிஸ்க்கே பழுதானால் எல்லா அறைகளும் ஒன்றாகப் போகும். ஆகவே மூலப் படங்களுக்கு இன்னொரு பிரதி, இன்னொரு டிஸ்க்கில், முடிந்தால் இன்னொரு வீட்டில் இருக்கட்டும்.