எண்ணிப் பார்த்த மண்புழு

மண்புழுவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் நகைக்கலாம். அந்தப் புழுவிடம் நான் ஒரு முறை தோற்றேன், ஆகவே எழுதுகிறேன்.

இப் பல்கலைக்கழகத்தில் நான் சேர்ந்த முதல் மாதம் அது. விலங்கியல் செய்முறை வகுப்பில் ஆளுக்கொரு மெழுகுத் தட்டும் ஒரு மண்புழுவும் தந்தார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. மொழி தெரியாத ஊரில், உணவு பிடிக்காத விடுதியில், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இதோ என் முன் கிடக்கிறது! ஊரிலேயே இதை அறுத்துப் பார்த்தவன் அல்லவா நான்? பக்கத்து மாணவன் கைலென்ஸை வைத்துக்கொண்டு கண்டங்களை எண்ணித் திணறினான். நானோ மளமளவென்று படம் வரைந்து, எல்லோருக்கும் முன்பாக நீட்டினேன்.

ஆசிரியர் படத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். “படம் நன்று. ஆனால் இது இந்தப் புழுவின் படம் அன்று. எண்ணிப் பார்” என்றார்.

எண்ணினேன். வாய்க்கு முன் நீண்டிருக்கும் உதட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வாயைச் சூழ்ந்ததே முதற் கண்டம். தடித்த வளையமாகிய கிளைடெல்லம் 14-ஆம் கண்டத்தில் தொடங்கி 16-இல் முடிந்துவிட்டது. நான் வரைந்ததோ 17 வரை! உடலைத் திறந்தேன். விந்து ஏற்புப் பைகள் நான்கு இணைகள் இருந்தன. நான் வரைந்தவை மூன்று. 26-ஆம் கண்டத்தில் குடலிலிருந்து கிளைத்த இரு சிறு பைகள் என் படத்தில் இல்லவே இல்லை.

தட்டில் இருந்தது ஃபெரிட்டிமா போஸ்துமா. லக்னோப் பேராசிரியர் பாஹ்ல் 1926-இல் தனி நூலே எழுதிய புழு அது. நான் வரைந்ததோ நம் ஊர் வகுப்புகளில் அறுக்கும் லாம்பிட்டோ மௌரிட்டி. கண்முன் கிடந்ததை விட்டு, நினைவில் இருந்ததை வரைந்திருக்கிறேன்! அன்றைய மதிப்பெண் போயிற்று. அதைவிட, எனக்குத் தெரிந்தது என்று பற்றிக்கொண்ட ஒன்றும் கைநழுவிற்று.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். இரண்டுக்கும் முட்கள் கண்டத்தைச் சுற்றி வளையமாக அமைந்தவை. இரண்டுக்கும் ஆண் இனத்துளைகள் 18-ஆம் கண்டத்தில்தான். மேலோட்டமாகப் பார்ப்பவன் ஏமாறுவதில் வியப்பில்லை. நிறத்தையும் நீளத்தையும் நம்பக் கூடாது. கிளைடெல்லம் தோன்றாத இளம் புழுவை இன்னதென்று சொல்வது அறிஞர்க்கும் அரிது. 1972-இல் சிம்ஸ், ஈஸ்டன் என்ற இருவர் ஃபெரிட்டிமா என்ற பேரினத்தையே பல பிரிவுகளாக்கினர். ஆண் துளை உடற்பரப்பில் வெளிப்பட்டிருந்தால் அமிந்தாஸ், சிறு பைக்குள் ஒளிந்திருந்தால் மெட்டாஃபயர் என்றனர். என்னைத் தோற்கடித்த புழு இன்று மெட்டாஃபயர் போஸ்துமா.

துளையும் பையும்கூடப் போதாத இடமுண்டு. ஃபிரிட்ஸ் முல்லர் பிரேசிலில் கண்டு 1857-இல் பெயரிட்ட பொன்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ் வெப்ப நாடுகளெங்கும் பரவியது. அதை ஒரே இனம் என்றே கருதி வந்தனர். உருவத்தால் பிரிக்க இயலாத பல இனங்கள் அப்பெயருக்குள் அடங்கியிருப்பதை 2018-இல் வெளிவந்த டி.என்.ஏ. ஆய்வு காட்டியது.

இதைப் படித்தபோது விடுதி நினைவு வந்தது. நெல்லைக்காரன், கோவைக்காரன், ஏன், ஆந்திர நண்பனும்கூட இங்கே ‘மதராஸி’தான். நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் பீகாரியையும் பஞ்சாபியையும் ‘வடக்கத்தியான்’ என்று ஒரே தட்டில் போடுகிறவர்கள் நாமும்தானே? எண்ணிப் பார்க்கும் பொறுமை இரு பக்கமும் இல்லை.

விடுமுறைக்கு ஊர் சென்றதும் கிணற்றடி வாழையின் கீழ் மண்ணைக் கிளறி ஒரு புழுவை எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “ஏண்டா, மண்புழுவை எண்ணவா அவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறே?” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன். பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு. இம்முறை எண்ணிவிட்டுத்தான் பெயர் சொன்னேன்.