ஓடாத டெஸ்ட்டும் போன மானமும்

இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிவ்யூ. மேவன் 'பில்ட் சக்சஸ்' என்று பச்சையில் காட்ட, நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனேன். டெமோவில் பத்து சதவீதத் தள்ளுபடி போட்டால்... பில் தொகை ஏறுகிறது! அந்தக் கணக்குக்கு டெஸ்ட் எழுதியிருந்தேனே? மானம் போச்சு.

ராத்திரி ஹாஸ்டலில் லாகை மேலிருந்து படித்தேன். என் டெஸ்ட் ஓடவேயில்லை! மேவனில் டெஸ்ட்களை ஓட்டுவது ஷ்யூர்ஃபயர். நாம் வேறு சொல்லாதவரை, கிளாஸ் பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்கினாலோ, 'டெஸ்ட்', 'டெஸ்ட்ஸ்', 'டெஸ்ட்கேஸ்' என்று முடிந்தாலோதான் அது கண்டுகொள்ளும். நான் வைத்த பெயர் 'பில்செக்'. மாற்றி ஓட்டினேன். உடனே சிவப்பு! சிவப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

மக்களே, பில்ட் முடிந்ததும் எத்தனை டெஸ்ட் ஓடியது என்று பாருங்கள். புது டெஸ்ட்டை ஒருமுறை வேண்டுமென்றே தோற்கவிட்டுப் பாருங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு வேண்டாம்.