பூட்டுறதுக்கு எதுக்கு ரகசியம்?

அப்பா பேர்ல இருக்குற நிலத்தோட பட்டா, கிரயப்பத்திரம், வில்லங்கச் சான்று, அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட், பாஸ்புக் பக்கங்கள்னு எங்க வீட்டு கணினியில நாற்பது ஃபோல்டர் இருக்கு. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க் தம்பி வீட்டில். அது எப்ப யார் கைக்குப் போகும்னு சொல்ல முடியாது. பூட்டித்தான் வைக்கணும். ஒவ்வொண்ணா உட்கார்ந்து பூட்டினா விடிஞ்சிடும். லினக்ஸ் டெர்மினலும் நாலு வரி ஸ்கிரிப்ட்டும் இருக்க என்ன கவலை!

நான் பயன்படுத்துறது ஜிபிஜி. ஜெர்மனிக்காரர் வெர்னர் கோக் எழுதினது, 1.0 பதிப்பு 1999ல வந்தது. இதுக்கு முன்னோடி பில் சிம்மர்மன் 1991ல வெளியிட்ட பிஜிபி. அது நாடு தாண்டிப் போயிடுச்சுன்னு, ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தைக் காட்டி அமெரிக்க அரசு அவரை விசாரிச்சு, 1996ல வழக்கே போடாம விட்டுது. ஒரு மென்பொருளுக்கு இத்தனை அக்கப்போர் :)

பலரும் கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதி ஓட விடுறாங்க. பீரோவைப் பூட்டிட்டு சாவியை கைப்பிடியிலேயே தொங்க விடுற கதைதான். பொதுச்சாவி முறையில இந்தத் தொல்லை இல்லை. பூட்ட பொதுச்சாவி போதும், அதை யார் பார்த்தாலும் பாதகமில்லை. திறக்கத்தான் அந்தரங்கச் சாவி. அதனால ராத்திரி 2 மணிக்கு க்ரான் தன்பாட்டுக்கு ஸ்கிரிப்ட்டை ஓட்டும், எந்த ரகசியமும் கேட்காது. திறக்கும்போது மட்டும் நான் கடவுச்சொல் தட்டணும். நாற்பது தடவையான்னு பயப்படாதீங்க. ஜிபிஜி ஏஜென்ட் வழக்கமா 10 நிமிஷம் ஞாபகம் வச்சிருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த நீளும், மிஞ்சினா 2 மணி நேரம்.

ஒரு விஷயம், ஜிபிஜி உள்ளே இருக்குறதைத்தான் மறைக்கும், கோப்போட பேரை மறைக்காது. 'அம்மா பயாப்சி'ன்னு பேர் இருந்தா திறந்து பார்க்கவே வேணாமே! அதனால ஒவ்வொரு ஃபோல்டரையும் டார் போட்டு மூட்டையாக்கி, வெறும் எண்ணைப் பேரா வச்சு பூட்டுறேன். எந்த எண்ணுல எதுன்னு ஒரு பட்டியல், அதுவும் பூட்டின மூட்டைக்குள்ள. ஃபோல்டர் பேர்ல இடைவெளி இருந்தா ஸ்கிரிப்ட்ல இரட்டை மேற்கோள் போட்டாகணும், இல்லேன்னா ஒரு பேரு மூணாத் துண்டாகிடும்.

இதெல்லாம் சுலபம். என்னை யோசிக்க வச்சது வேற. நண்பர் ஒருத்தர் திடீர்னு தவறிட்டார். எல்லாத்தையும் பக்காவா பூட்டி வச்சிருந்தார். இன்ஷூரன்ஸ் காகிதத்தைக்கூட அவர் மனைவியால திறக்க முடியலை.

ஜிபிஜியில பெறுநரா எத்தனை பேரை வேணும்னாலும் சேர்க்கலாம். மூட்டையைப் பூட்டுறது அப்போதைக்கு உருவாகுற ஒரு குட்டிச் சாவி. அந்தக் குட்டிச் சாவியை மட்டும் ஒவ்வொருத்தர் பொதுச்சாவியாலயும் தனித்தனியா பூட்டி கூடவே வைக்கும். அதனால கோப்பு பெருசாகாது. தங்கமணிக்கும் ஒரு சாவி உருவாக்கி ஸ்கிரிப்ட்ல சேர்த்தேன். முன்னாடி பூட்டின மூட்டைகள் அவங்களுக்குத் திறக்காதே, அதனால நாற்பதையும் மறுபடி பூட்டியாச்சு. ரெண்டு பேர் அந்தரங்கச் சாவியோட நகலும் பேங்க் லாக்கர்ல, ஒரு பென் டிரைவ்ல.

திறக்குற முறையை ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். தங்கமணி அதைப் பார்த்துத் தட்ட, நான் வாயே திறக்காம பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். ஏழாம் நம்பர் மூட்டை திறந்துச்சு. அப்புறம் பேனாவை எடுத்து, தாள்ல மூணாவது வரியை அவங்களுக்குப் புரியுற மாதிரி அவங்களே மாத்தி எழுதிக்கிட்டாங்க.