பாயிண்ட் நோட்டு

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டித் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாயிண்ட் என்றால் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடவேண்டிய இடம். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் குதிகாலால் ஒரு கீறு கீறுவார். தோட்டக்காரர் அதன்மேல் ஒரு கல்லை எடுத்து வைப்பார். அந்தக் கல்தான் பாயிண்ட். எத்தனை மைலுக்கு அப்பாலிருந்து வந்தாலும் வண்டி அந்தக் கல்லருகே போய் நிற்கவேண்டும்.

2006இல் ஒரு கைக்கணினி வாங்கினேன். அதில் நாம் குறித்து வைக்கிற இடத்துக்கும் வே பாயிண்ட் என்றுதான் பெயர் என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது. நம் தொழிலுக்கென்றே செய்தது போல இருந்தது.

அப்போது மாமாவின் ரிக் வண்டிக்கு நான் மேனேஜர். ஒரு ரிக், கூடவே ராடும் கேசிங் பைப்பும் ஏற்றிய இன்னொரு லாரி, பத்துப் பன்னிரண்டு ஆட்கள். கணக்கு எழுதுவது, டீசல் பார்ப்பது, சோற்றுக்கு அரிசி வாங்குவது இவற்றோடு, தடம் கண்டுபிடிப்பதும் மேனேஜர் வேலைதான். சேலம், நாமக்கல் சமவெளியில் இருந்தவரை சிரமமில்லை. எங்கே நின்று பார்த்தாலும் ஏதோ ஒரு மலை தெரியும். செங்கோட்டு மலை, சங்ககிரிக் கோட்டை, அந்தப் பக்கம் போதமலை, கொல்லிமலை. மாமா இவற்றை வைத்தே ராத்திரியில்கூட வண்டியைக் கொண்டுபோய்விடுவார். அனந்தப்பூர், சித்ரதுர்கா என்று சீசனுக்குப் போனபோதுதான் திணறினோம். ஏஜெண்ட் சொல்லும் ஊர்ப்பெயர் ஒன்றாக இருக்கும், பலகையில் இருப்பது வேறொன்றாக இருக்கும். ஊரைக் கண்டுபிடித்த பிறகுதான் நிஜமான வேலையே. ஊரிலிருந்து காட்டுக்குப் போகிற வண்டித்தடம் எது, அதில் ரிக் திரும்புமா, நடுவில் கரண்ட் கம்பி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது? இதெல்லாம் தெரியாமல் உள்ளே விட்டால் வெளியே எடுக்க ஒரு நாள் ஆகும்.

சென்னை ரிச்சி தெருவில் பழசாக வாங்கிய ஐபேக் 2210 அது. எச்.பி. கம்பெனி 2003இல் கொண்டுவந்த மாடல். மூன்றரை அங்குலத் திரை, 64 எம்.பி. நினைவகம், எழுத ஒரு சின்னக் குச்சி. தீப்பெட்டி இரண்டை அடுக்கி வைத்த அளவில் ஒரு ஜி.பி.எஸ். கருவி, புளூடூத்தில் அதோடு பேசும். அமெரிக்கா தன் செயற்கைக்கோள் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதம் நிறுத்தியிருந்தது. அதற்கு முன்னால் நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டிய கருவிகள் அதன் பிறகு பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வந்துவிட்டன. பாயிண்ட்டைக் குறிக்க அது போதும்.

கருவி கைக்கு வந்துவிட்டது. எந்த மென்பொருளைப் போடுவது என்பதில் நாலு மாதம் போனது. அந்த நாலு மாதத்தைத்தான் இப்போது நினைத்து நினைத்து ஏங்குகிறேன்.

முதலில் டாம்டாம். நெதர்லாந்துக் கம்பெனி. பார்க்க அவ்வளவு அழகு. சாலை நம் கண்ணுக்கு நேரே எழுந்து வருவது போல வரைந்திருந்தார்கள். எனக்குக் கிடைத்த பிரதியில் ஐரோப்பா முழுக்க இருந்தது, இந்தியா இல்லை. ஹைதராபாத் சாட்நேவ் கம்பெனியின் சாட்கைடு நம் நாட்டுக்கென்றே செய்தது. பிறகு 2007இல் டெல்லி மேப்மைஇந்தியாவின் நேவிகேட்டர் வந்தது. இரண்டுமே நல்ல உழைப்பு. பெங்களூருக்குள் ஒரு தெருவைத் தேட வேண்டுமானால் நான் அவற்றைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் எங்கள் வண்டி பெங்களூருக்குள் போகாதே! நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் அந்த வரைபடங்களில் ஊர் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். அந்தப் புள்ளிக்கும் தோட்டத்துக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர் வெற்று நிறம். எங்கள் தொழில் அந்த வெற்று நிறத்துக்குள்தான் நடந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட இட்டேரியில், பனைமர வரிசையில், ஊர்க்காரர் மட்டும் அறிந்த பெயர்களில் நடந்தது.

கடைசியில் எடுத்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓசிஎக்ஸ்புளோரர். கைக்கணினிக்கென்று அதில் தனிப்பதிப்பு உண்டு. அது பேசாது. இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று சொல்லாது. வழியைக் கணக்குப் போடவும் தெரியாது. ஒரு வரைபடத்தாளை ஸ்கேன் செய்து, அதில் தெரிந்த சில இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்துவிட்டால், அந்தப் படத்தின்மேல் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும். போன தடத்தைக் கோடாக வரைந்து வைத்துக்கொள்ளும். பாயிண்ட் போடச் சொன்னால் போடும்.

மாமா ஒருநாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் மாப்ளே, இந்தப் பொட்டி தடம் சொல்லுமா?”

“தடம் சொல்லாதுங் மாமா. நாம சொன்னா நெனப்பு வெச்சுக்கும்.”

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. “அப்படின்னா சரி, நம்ம கணக்குப்பிள்ளையாட்டம்” என்றார்.

லாரியில் அதற்குச் சார்ஜ் போடுவது தனிக்கதை. பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. கடையில் கிடைத்ததெல்லாம் காருக்கான 12 வோல்ட் சார்ஜர். லாரியிலோ இரண்டு பேட்டரியைச் சேர்த்து 24 வோல்ட். முதல் சார்ஜர் ஒரே நாளில் கருகியது. சங்ககிரியில் லாரி எலக்ட்ரீஷியன் ஒருவர், ஒரே பேட்டரியிலிருந்து தனியாக ஒயர் இழுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “படம் தெரியுதான்னு மட்டும் காட்டுங்க தம்பி” என்றார். காட்டினேன். தன் பட்டறை இருக்கும் ரோட்டில் அம்புக்குறி நிற்பதைப் பார்த்துவிட்டு வேலை செய்கிற பையன்களை எல்லாம் கூப்பிட்டார்.

தாள்களை இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களிலிருந்து எடுத்தேன். நிலவியல் படித்த நண்பன் வைத்திருந்த பழைய தாள்கள். திருச்செங்கோடும் சங்ககிரியும் 58 இ/15. சேலம் 58 ஐ/2. நாமக்கல் 58 ஐ/4. இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தாள்களில் கிணறுகூட நீல வட்டமாக இருக்கும். எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு திரையைப் பார்த்தேன். அம்புக்குறி பக்கத்துக் காட்டில் நின்றது. நூறு மீட்டருக்கும் மேலே தள்ளி. கருவி கெட்டுவிட்டதென்று நினைத்து இரண்டு நாள் மனசே சரியில்லை.

காரணம் தெரிந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. பழைய தாள்கள் எவரெஸ்ட் கணக்கில் வரைந்தவை. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் முதல் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை, பிறகு 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கு வடக்காக நாட்டின் நடுவே நீண்டது. அந்த அளவுகளை வைத்து ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமிக்கு ஓர் உருவம் கணக்கிட்டார். செயற்கைக்கோள்கள் பூமிக்கு வைத்துக்கொண்ட உருவம் வேறு. இரண்டு உருவங்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் எங்கள் கிணற்றைப் பக்கத்துக் காட்டுக்குத் தள்ளியது. 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கான தாள்களைச் செயற்கைக்கோள் கணக்குக்கு மாற்றுவதாகச் சொன்னது. என்னிடம் இருந்தவை அதற்கு முந்தியவை. மென்பொருளின் பட்டியலில் எவரெஸ்ட் கணக்கைத் தேடிக் கண்டுபிடித்துக் குச்சியால் தொட்டேன். அம்புக்குறி நகர்ந்து கிணற்று மேட்டில் வந்து நின்றது.

அந்த 78ஆம் தீர்க்கரேகை திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே போகிறது. நாமக்கல் தடத்தில் போகும்போது ஓரிடத்தில் திரையில் 77 என்பது மாறி 78 ஆகும். அதே நொடியில் 58 இ தாள் முடிந்து 58 ஐ தாள் விரியும். வெளியே பார்த்தால் சோளக்காடும் கோழிப்பண்ணையும் தவிர ஒன்றும் இராது. ஒவ்வொரு தடவையும் அந்த எண் மாறுவதற்காகக் காத்திருந்து பார்த்திருக்கிறேன்.

பிறகு நிரப்ப ஆரம்பித்தோம். நிரப்பியது நான் மட்டும் இல்லை. டிரைவர் அண்ணன் தாழ்ந்த கம்பியைப் பார்த்தால் “தம்பி, குறிச்சுக்குங்க” என்பார். வண்டி திரும்பக்கூடிய களம், மழைக்கு இறங்கிவிடும் மண்பாலம், ராத்திரி இரண்டு மணிக்கும் டீ கிடைக்கும் கடை, குளிக்க விடும் தோட்டக்காரர் என்று எல்லாம் ஏறின. அதில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினேன். ஒவ்வொரு போர் பாயிண்ட்டுக்கும் அடியில் குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. எத்தனை அடியில் தண்ணீர் தட்டியது, எத்தனை இஞ்ச் தண்ணீர், எத்தனை அடிக்குக் கேசிங், கல் கறுப்பா வெள்ளையா, எந்த ஆழத்தில் தண்ணீர் இல்லாமல் கல்தூள் புகை மட்டும் வந்தது என்பதுவரை எழுதினேன். இரண்டு மூன்று சீசனில் முந்நூற்று நாற்பது பாயிண்ட் சேர்ந்தன. ஒரு காட்டுக்குப் போகுமுன் பக்கத்தில் நாங்கள் போட்ட போர்கள் எவ்வளவு ஆழம் என்று பார்த்துத் தோட்டக்காரரிடம் சொல்ல முடிந்தது. “அண்ணா, இந்தப் பக்கம் நானூறுக்கு மேல போனாத்தானுங் ஆகும், ரூபாயைப் பார்த்து வெச்சுக்குங்க” என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றிய சமயமும் உண்டு. தெரு தவறாத எந்த வரைபடத்தையும்விட அது மேலானது என்று இன்றைக்கும் சொல்வேன். மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதில் இருந்தது.

2009இல் தீபாவளிக்கு வண்டி ஊர் திரும்பியது. கைக்கணினியை பீரோவில் வைத்தேன். அந்தக் காலத்து ஐபேக்கில் நாம் சேர்ப்பதெல்லாம் மின்சாரம் இருந்தால் மட்டும் நிற்கும் நினைவகத்தில் இருந்தது. பேட்டரி முழுக்க இறங்கினால் கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். தாள்களை எஸ்.டி. கார்டில் வைத்திருந்தேன். பாயிண்ட்டுகளை வைக்கவில்லை. தை பிறந்து எடுத்து சார்ஜ் போட்டபோது, புதுக்கருவி போலத் திரையைக் குச்சியால் தொடச் சொல்லி நின்றது.

மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “மனுசனாட்டமே போயிருச்சு, உடு” என்றார். அவரும் இப்போது இல்லை.

முதல் சீசனில் பில்லுக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்த அறுபத்தொரு பாயிண்ட்டுகள் மட்டும் தப்பின. டிகிரி, நிமிடம், ஆழம், தண்ணீர். மஞ்சள் தடவிய அட்டை போட்ட கணக்கு நோட்டு.

போன மாதம் மருமகனின் ரிக்கில் ஒரு பாயிண்ட்டுக்குப் போனேன். ஏஜெண்ட் போனில் லொகேஷன் அனுப்பியிருந்தார். ஒரு பெண் குரல் தமிழிலேயே வழி சொல்லிக்கொண்டு வந்தது. இட்டேரிகூடப் படத்தில் மெல்லிய கோடாக இருந்தது. யாரும் இறங்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, சரியாகக் கல்லருகே போய் நின்றோம். எவ்வளவு பெரிய வசதி! அன்றைக்கு இது கிடைத்திருந்தால் எத்தனை ராத்திரி தூங்கியிருப்போம். ஆனாலும் என் கை தன்னாலே சட்டைப் பையைத் தடவியது. எண்ணூறு அடி ஓட்டினார்கள், ஓர் இஞ்ச் தண்ணீர். பில் எழுதி, பணம் வாங்கி, வண்டி கிளம்பியது. ஆழத்தை யாரும் எங்கேயும் குறிக்கவில்லை. அடுத்த லொகேஷன் வந்ததும் இந்த லொகேஷன் போன் திரையில் மேலே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். முதல் பாயிண்ட் எங்கள் தோட்டத்துடையது. நானூற்றெண்பது அடி, ஒன்றரை இஞ்ச். எண்ணைப் போனில் அடித்துக்கொண்டு, கண் மூடினாலும் போகத் தெரிந்த காட்டுக்கு அம்புக்குறியைப் பார்த்தபடியே நடந்தேன். ஐந்து வருடமாகத் தண்ணீர் இல்லாத போர். வாய்க்கு மூடி போட்டு மேலே கல் வைத்திருக்கிறார்கள்.

இப்போது ரிக்கில் மேனேஜராக இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற லொகேஷனை அழித்துவிடாதீர்கள். தண்ணீர் தட்டிய ஆழத்தையும் கேசிங் அடியையும் அதனடியிலேயே எழுதுங்கள். அன்று ராத்திரியே ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.