கோப்பு எந்த வாசல் வழியா போகுது?

எங்க ஆபீஸ் லினக்ஸ் சர்வர்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு மக்களே. ஒண்ணு வெப்சைட்டுக்கு, இன்னொண்ணு பேக்கப்புக்கு. ஆனா பேக்கப் ஓடுறப்பெல்லாம் வெப்சைட் நொண்டும். ரெண்டாவது கார்டு சும்மா தூங்கும்!

வெளிய போற கோப்பு எந்தக் கார்டுல ஏறணும்னு முடிவு பண்றது ரூட்டிங் டேபிள். போய்ச் சேர வேண்டிய முகவரியைத்தான் அது பார்க்கும். பேக்கப் சர்வர் இருந்தது வேற சப்நெட்ல. அதுக்குத் தனி வழி எழுதலைன்னா டீஃபால்ட் வழிதான், அதாவது வெப்சைட் கார்டு.

'ஐபி ரூட் கெட்'னு அடிச்சு, பக்கத்துல அந்த முகவரியைக் கொடுங்க. 'டெவ்'வுக்கு அடுத்து வர்றதுதான் கார்டு. 'ஐபி -எஸ் லிங்க்' அடிச்சா, அனுப்பின பைட் எதுல ஏறுதுன்னும் தெரியும்.

ரீபூட் பண்ணாலும் நிக்கிற மாதிரி ஒரே ஒரு ரூட் சேர்த்தோம். இப்ப பேக்கப் பாட்டுக்கு ஓடுது, வெப்சைட்டும் நொண்டல. கார்டு வாங்கினா மட்டும் போதாதுங்க, வழியும் சொல்லணும்!