அப்பன் பேர் எழுதி வளர்க்கிற மாடுகள்

அபர்டீன்ஷயர், ஸ்காட்லாந்து
ஏப்ரல் 14

அன்புள்ள அப்புச்சிக்கு,

உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலை என்று அம்மா சொன்னாள். அதற்காகத் தோட்டத்துக்கு நடந்தே போகாதீர்கள், தம்பியை வண்டியில் கூட்டிப் போகச் சொல்லுங்கள். போனில் நீங்கள் கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாயி பக்கத்தில் இருந்தால் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம்.

“வெட்டித் திங்கிற மாட்டுக்கு வம்சம் எதுக்குக் கண்ணு எழுதறாங்க?” என்று கேட்டீர்கள்.

நான் வைத்தியம் பார்க்கப் போகிற பண்ணையில் இருப்பவை அபர்டீன் ஆங்கஸ் மாடுகள். கன்னங்கரேல் என்று இருக்கும். கொம்பு கிடையாது, பிறவி மோழை. திமிலும் இல்லை. அப்பனும் மகனுமாகப் பார்க்கிற குடும்பப் பண்ணை. பெரியவருக்கு உங்கள் வயது இருக்கும். குளிர்காலம் முழுக்கக் கொட்டகைதான். வைக்கோல், ஊறுகாய்ப்புல், பக்கத்து விஸ்கி ஆலையில் காய்ச்சியது போக மிஞ்சிய பார்லிச் சக்கை, இவைதான் தீனி. மே மாதம் வந்தால் மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடுவார்கள்.

அந்தப் பண்ணை விதைநெல் வைத்திருக்கிற வீடு மாதிரி. தேறாத காளைக்கன்றுகளைக் காயடித்துக் கறிக்கு அனுப்பிவிடுவார்கள். தேறிய சிலதைத்தான் பொலிகாளையாக நிறுத்துவார்கள். அதை வாங்கிப் போகிறவன் தன் கலப்பு மாடுகளோடு விடுவான். வளர்ந்த காளை ஒரு பருவத்துக்கு நாற்பது பசுவரை சேரும். கடையில் தொங்குவது அப்படிப் பிறக்கிற கன்றுகளின் கறி. காளையில் ஒரு கோளாறு இருந்தால் அடுத்த வருஷம் நாற்பது கன்றில் அது தெரியும். வாங்குகிறவன் அப்பன் பேர், ஆத்தா பேர் கேட்பது அந்தப் பயத்தில்தான்.

இந்த இனத்துக்கு 1862இல் முதல் வம்சப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. அதில் முதல் எண் ஓல்ட் ஜாக் என்ற காளைக்கு. ஹ்யூ வாட்சன் என்ற பண்ணைக்காரர் வளர்த்தது. அவருடைய ஓல்ட் கிரானி என்ற பசு 1824இல் பிறந்து, முப்பத்தைந்து வயதில் இடி விழுந்து செத்தது. அதுவரை 29 கன்று போட்டது என்று சொல்கிறார்கள். பேர் வைப்பதிலும் ஒரு முறை உண்டு. வழி முழுக்க ஆத்தா பேரில்தான் போகும். 1861இல் பாலிண்டலாக் பண்ணைக்கு 50 கினிக்கு வாங்கி வந்த எரிக்கா என்ற பசுவின் பேரை அதன் பேத்திகளின் பேத்திகள் இன்றைக்கும் சுமக்கின்றன. நீங்கள் ‘அந்த மயிலைப் பசு வழி’ என்று சொல்வீர்களே, அதையேதான் இவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் ராத்திரி கூப்பிட்டார்கள். தலையீத்துக் கிடாரி, கன்றின் முன்கால் ஒன்று மடங்கிக் கிடந்தது. உள்ளே தள்ளிக் காலை நேராக்கி இழுத்தோம். தொப்புளுக்கு அயோடின் தடவியதும் பெரியவர் கன்றைத் துணித் தொட்டிலில் போட்டுத் தராசில் மாட்டினார். 41 கிலோ. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து 41 என்று எழுதினார். பக்கத்தில் ‘ஆள் உதவி தேவைப்பட்டது’, ‘தாய் உடனே நக்கியது’. கன்று கனமாகப் பிறந்தால் ஈனும்போது பசு சிரமப்படும். அதனால் பிறந்த எடை கூடக்கூட அப்பன் காளையின் மதிப்பெண் குறையும். அந்தக் காளை அவருடையதேதான். 38 என்று போட்டிருந்தால் கேட்க ஆளில்லை. காது வில்லை 20 நாளுக்குள், அரசாங்கப் பதிவு 27 நாளுக்குள் என்பது சட்டம். அந்த 41க்குச் சட்டம் எதுவும் இல்லை.

எழுதி வைத்தும் இவர்கள் கோட்டை விட்ட காலம் உண்டு. போன நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் வந்தவர்கள் குட்டையான, உருண்ட காளையாகக் கேட்டார்கள். பெர்த் சந்தையில் அதற்குத்தான் பரிசு, அதற்குத்தான் விலை. வருஷா வருஷம் மாடு குட்டையாகிக்கொண்டே போனது. 1963இல் லிண்டர்டிஸ் இவல்ஸ் என்ற காளை 60,000 கினிக்குப் போனது. வாங்கிப் போனபிறகுதான் அதற்குச் சினைப்படுத்தும் சக்தியே இல்லை என்று தெரிந்தது. அதற்குள் பிரான்சிலிருந்து பெரிய ஷாரலே மாடுகள் வந்து இடத்தைப் பிடித்தன. உயரத்தை மீட்க வட அமெரிக்காவில் வளர்ந்த ஆங்கஸ் காளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கலப்பில்லாத பழைய வழி இப்போது அழியும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இன்றைக்கு விற்பனைக்கு முன்னால் என்னைப் போன்றவர்கள் நாடாவோடு போய் விதைப்பையைச் சுற்றி அளக்கிறோம். இரண்டு வயதுக் காளைக்கு 34 சென்டிமீட்டராவது வேண்டும். பிறகுதான் நடை, குளம்பு, அழகு எல்லாம்.

புத்தகம் காப்பாற்றிய கதையும் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவில் முதுகு வளைந்து, கால் மடங்கிச் செத்துப் பிறந்த ஆங்கஸ் கன்றுகளின் வம்சத்தைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். எல்லாம் எல்லோரும் ஆசைப்பட்டு ஊசி போட்ட ஒரே காளையில் போய் முட்டியது. சில மாதத்திலேயே பரிசோதனை வந்துவிட்டது. எழுதி வைக்காவிட்டால் கண் பட்டது என்று சொல்லி முடித்திருப்போம்.

வெட்டுவது பாவமில்லையா என்றும் கேட்பீர்கள். கிழட்டுப் பசுவை லாரியில் ஏற்றுகிற அன்று பெரியவர் யாரோடும் பேசுவதில்லை. ஆனால் அது எங்கே போகிறது என்று தெரிந்தேதான் ஏற்றுகிறார். நம் சந்தையில் கைமாறுகிற வயசான மாடு எங்கே போகிறது என்று நமக்கும் தெரியும், நாம் கேட்டுக்கொள்வதில்லை.

இவ்வளவும் எழுதக் காரணம், தையில் புதுப் பொலிகாளை வாங்கப் போவதாகத் தம்பி சொன்னதுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் பட்டியில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் காங்கேயத்தை வளர்த்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். இப்போது நம் பக்கம் பொலிகாளை நிற்கிற வீடே குறைவு. சுழி சுத்தமாக, திமில் ஏறி நிற்கிற காளை நம் கிடாரிகளுக்கு அண்ணனாகவே இருந்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்கிற கணக்கு உங்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் நீங்கள் சொல்லுங்கள், தம்பி எழுதட்டும். பசுவுக்கு ஒரு பக்கம். ஆத்தா எது, எந்த ஊர்க் காளைக்குச் சேர்ந்தது, எந்த ஈத்தில் என்ன கன்று, ஈன்றது சுளுவாகவா, கன்றைச் சேர்த்ததா உதைத்ததா, விற்றிருந்தால் எதற்கு விற்றோம். கடைசிக் கேள்வியில் மழுப்பாதீர்கள். பணமுடைக்கு விற்றதும் பாய்கிறது என்று விற்றதும் வேறு வேறு.

காளை பார்க்கப் போகும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும். துண்டுக்குள் கைபோட்டு விலை பேசுவதற்கு முன்னால், அந்தக் காளையின் ஆத்தாளை ஒரு தடவை கட்டுத்தரையில் பார்த்துவிடுங்கள். மடியையும் குணத்தையும் பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு காளை பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாயிக்கு என் அன்பு.

உங்கள் பேத்தி